பட்டா இருந்தால் மரம், இல்லையென்றால் வழக்கு

(நிலவுரிமை குறித்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து எல்லாரும் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் மரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். கவிதை எழுதுகிற ஆள், மரம் என்றதும் நிழல், பறவை என்று ஆரம்பித்துவிடுவான்னு நினைச்சு யாரும் டீக்கடைக்கு எழுந்து போயிட வேண்டாம். பகலில் எனக்கு வங்கியில் எழுத்தர் வேலை. என்னிடம் வருகிற மரமெல்லாம் விண்ணப்பத்தில் வருகிற மரம்தான். எத்தனை ஏக்கர், எத்தனை கன்று, சிட்டா இருக்கா, அடங்கல் இருக்கா, வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா. அந்தக் கணக்கைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அரசாங்கத்துக்கு இரண்டு வகைக் காடு இருக்கிறது. ஒன்று, அதுவே வைத்துக்கொண்டிருக்கிற காடு. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். அதில் 22,877 சதுர கிலோமீட்டர் வனத்துறைக் கணக்கில் இருக்கிறது. ஆறில் ஒரு பங்குக்கும் மேல். இந்த மாநிலத்தில் இதைவிடப் பெரிய நிலக்கிழார் எவரும் கிடையாது. இரண்டாவது வகை, பட்டாதாரர்கள் தங்கள் நிலத்தில் வளர்க்கிற மரம். சவுக்கு, தைலமரம், மலைவேம்பு, தேக்கு, இப்போது சந்தனம், செம்மரம். இதற்கு அரசாங்கம் கன்று தருகிறது, பராமரிப்புக்கு மானியம் தருகிறது, கடனுக்கு வழி செய்கிறது, ஆலோசனை சொல்ல ஆள் அனுப்புகிறது. முதல் காட்டுக்குள்ளே நாம போனா திருடன். இரண்டாவது காட்டுக்குள்ளே போனா கூலி. இரண்டு காட்டிலும் உரிமையாளன் என்கிற பத்தியில் நம்ம பேரு இல்லை.

இது தற்செயலா நடந்தது இல்லைங்க.

1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. இந்த இடத்தைக் காப்புக்காடாக அறிவிக்கப்போகிறோம், யாருக்காவது இதில் உரிமை இருந்தால் குறித்த காலத்துக்குள் வந்து சொல்லுங்கள் என்று அறிவிப்பு கொடுப்பார்கள். சொல்லாதவனுக்கு உரிமை இல்லை. 1882இல் சேரியில் அந்த அறிவிப்பைப் படித்தவர் யார்? ஒட்டியிருந்தாலும் ஊர்ச் சாவடியில்தான் ஒட்டியிருப்பான். அந்தத் திண்ணையில் கால் வைக்க நமக்கு அனுமதி உண்டா? காட்டில் ஆடு மேய்த்தவன், தழை வெட்டியவன், மூங்கில் எடுத்துக் கூடை முடைந்தவன் எல்லாம் ஒரே நாளில் அத்துமீறியவன் ஆனான். பெயர் மட்டும் பொதுக்காடு. இந்தப் 'பொது' என்கிற சொல்லை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். பொதுக்கிணறு, பொதுவழி, பொதுச்சாவடி. மகாடில் இருந்ததும் பொதுக்குளம்தான். நகராட்சி திறந்துவிட்டதாகத் தீர்மானமே போட்டிருந்தது. அந்தத் தண்ணியை ஒரு கை அள்ளிக் குடிக்க அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

காடாக அறிவிக்கப்படாத மிச்ச நிலம் என்ன ஆச்சு? அது தரிசு, புறம்போக்கு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். தரிசை உழுது பிழைத்துக்கொள்கிறேன் என்று ஒரு பறையர் தரக்காஸ்து மனு போட்டால், எனக்குத்தான் முன்னுரிமை என்று மிராசுதார் குறுக்கே வந்து நிற்பார். தான் ஒருநாளும் உழப்போவதில்லை, ஆனாலும் இவன் கையில் போகக்கூடாது. அந்த அறிக்கைக்குப் பிறகு 1892இல்தான் பஞ்சமி நிலம் கொடுக்கிற உத்தரவு வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குமேல் விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அது இப்போது யார் யார் கையில் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள்.

ஆக, தரிசு என்று அரசாங்கம் எழுதுகிற இடமெல்லாம் நூறு வருஷத்துக்கு மேலாக நமக்கும் ஆதிக்க சாதிக்கும் நடுவில் சண்டை நடந்துகொண்டிருக்கிற இடம். அந்த இடத்தில்தான் இப்போது மரம் நடப்போகிறார்கள்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு பசுமை இயக்கம் தொடங்கப்பட்டது. வனமும் மரமும் சேர்ந்த பரப்பு 23.7 சதவீதம் இருக்கிறது, அதைப் பத்தாண்டில் 33 சதவீதமாக்குவோம் என்பது இலக்கு. மூன்றில் ஒரு பங்கு என்பது புதுசு இல்லை, 1952 வனக் கொள்கையிலேயே இருக்கிறது, 1988 கொள்கையிலும் இருக்கிறது. நான் வங்கிக்காரன், எண்ணைப் பார்த்தால் பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. 9.3 சதவீதம் என்றால் சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். ஏக்கரில் போட்டால் கிட்டத்தட்ட 30 லட்சம் ஏக்கர். பஞ்சமி நிலம் என்று சொல்லப்படுவதைப்போல இரண்டரை மடங்கு. இவ்வளவு நிலத்தில் நிற்கப்போகிற மரம் யார் பேரில் நிற்கும்? காப்புக்காட்டின் எல்லை பெரிதாக நீளாது. மீதி எல்லாம் பட்டா நிலத்திலும், ஏரி, ஓடை, மேய்ச்சல் புறம்போக்கிலும், சாலை ஓரத்திலும்தான் வரவேண்டும். மரம் நல்லதா கெட்டதா என்று என்கிட்ட கேக்காதீங்க. மரம் நல்லதுதான். அது யார் கணக்கில் ஏறுகிறது என்பதுதான் என் கேள்வி.

பட்டா நிலத்துக்கு முதலில் வருகிறேன். அதை நான் தினமும் பார்க்கிறேன்.

எங்க பக்கம் கொல்லைகளில் முன்னே மல்லாட்டை போடுவாங்க, கேழ்வரகு, கம்பு, கொஞ்சம் நெல்லு. மல்லாட்டைன்னா விதைக்க ஆள், களை எடுக்க ரெண்டு தடவை ஆள், புடுங்க ஆள், ஆய ஆள். எங்க அம்மா ஒரு மல்லாட்டைப் பருவத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் நான் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கூலி போக, ஆய்ந்து முடிந்த கொடியை மாட்டுக்குக் கட்டிக்கொண்டு வரலாம். காய் பறித்த கொல்லையில் தப்புக்காய் பொறுக்கலாம். இப்போது அந்தக் கொல்லையெல்லாம் சவுக்கு. நடும்போது நாலு நாள் வேலை, முதல் வருஷம் கொஞ்சம் தண்ணி, நடுவில் ஒருதரம் கிளை கழிக்கிறது. அதற்கப்புறம் நாலு வருஷம் அந்தக் கொல்லையில் கூலிக்காரப் பெண் ஒருத்திக்குக்கூட வேலை கிடையாது. வேலி போட்டிருப்பான், உள்ளே போய்ச் சருகு வாரினால் சத்தம் போடுவான்.

நிலத்துக்காரர் ஊரிலேயே இல்லை. சென்னையில் இருக்கிறார், பெங்களூரில் இருக்கிறார். சவுக்கின் சௌகரியமே அதுதான், ஆளைப் பார்த்து மேய்க்க வேண்டியதில்லை. ஆள் பற்றாக்குறை, அதனால்தான் மரத்துக்கு மாறினோம் என்று கவுண்டரில் நின்று சொல்வார்கள். பற்றாக்குறை எதற்கு? நம்ம பெண்கள் கூலி கூடக் கேட்க ஆரம்பித்தார்கள். நம்ம பையன்கள் ஏண்டா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். அது அவர்களுக்குப் பற்றாக்குறை.

சவுக்குக்கும் தைலமரத்துக்கும் சந்தை தயாராக இருக்கிறது. காகித ஆலைகள் கன்று கொடுத்து, முற்றியதும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போடுகின்றன. அரசு நிறுவனமான தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமே 2004 தொடங்கி விவசாயிகளிடம் இப்படிக் காடு வளர்க்கிறது. பட்டா நிலத்துச் சவுக்கை லாரியில் ஏற்ற வனத்துறை அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று விலக்கும் இருக்கிறது. ஒரு பயிருக்கு விதை, கடன், சந்தை, போக்குவரத்து நாலையும் அரசாங்கம் சீராக்கிக் கொடுத்தால் யார்தான் வளர்க்கமாட்டார்கள்? சிறு விவசாயிக்கும் இதில் நன்மை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நாலு வாசலிலும் முதலில் கேட்கிற காகிதம் ஒன்றுதான்: பட்டா. 2011 கணக்குப்படி இந்த மாநிலத்தில் நாம் நூற்றுக்கு இருபது பேர். நிலத்தில் நம் பங்கு அதற்குக் கிட்டத்தில்கூட வராது.

மரம் வெட்டுவதற்கு வருகிறவர்களைப் பாருங்கள். நான்கைந்து இருளர் குடும்பம், கைக்குழந்தையோடு. வெட்டுகிற கொல்லையிலேயே தார்ப்பாயில் குடிசை. முன்பணம் வாங்கிவிட்டார்கள், அது தீரவே தீராது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இன்றைக்கும் வட மாவட்டங்களில் மரம் வெட்டுகிற இடங்களிலிருந்து இருளர்களை அதிகாரிகள் மீட்டதாகச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கன்றுக்கு மானியம் எவ்வளவு என்று எழுதுகிற திட்ட அறிக்கையில், வெட்டுகிறவன் எப்படி வாழ்வான் என்று ஒரு வரி இருக்காது.

இப்போ புறம்போக்குக்கு வருவோம். 1981இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஏழைகளுக்கு விறகும் தீவனமும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஏரி உள்வாயில் கருவேலம் போட்டார்கள். கன்று நட்டதும் முதல் வேலையாக மேய்ச்சல் தடை. ஆடு யாருடையது? காலனி ஆடு. மரம் வளர்ந்ததும் ஏலம். ஏலத்துக்கு முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். கட்டியவர் கான்ட்ராக்டர். மரம் லாரியில் ஏறி டவுன் விறகுக்கடைக்கும் செங்கல் சூளைக்கும் போனது. வருமானத்தில் ஒரு பங்கு ஊராட்சிக்கு. ஊராட்சி யார் கையில்? எங்க அம்மா சொல்லுவாங்க: "ஏரியில காடு வந்துச்சு, அப்புறந்தான் நாங்க வெறகுக்கு மூணு மைல் நடந்தோம்." அதற்குப் பிறகு 1997இல் ஜப்பான் கடனில் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது, கிராம வனக்குழு வந்தது. குழு என்றதும் காலனியிலிருந்தும் ஒருவரை உறுப்பினராகப் போட்டார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் போட்டார்கள், பேசும் இடத்தில் போட்டார்களா என்பதை அந்தந்த ஊர்க்காரங்க சொல்லுங்க.

ஊராட்சித் தலைவர் நாற்காலி ஏன் அவ்வளவு சூடாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஏரி மீன், புளியமரம், கருவேலம் எல்லாவற்றையும் ஏலம் விடுகிற பேனா அந்த நாற்காலிக்கு முன்னால்தான் இருக்கிறது. மேலவளவில் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிச் சாய்த்தார்களே, அந்த நாற்காலியில் ஒரு தலித் உட்காரக்கூடாது என்றுதானே. அதைச் சாதி வெறி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதிதான் சொன்னதாகும். வெறிக்குப் பின்னால் கணக்கு நோட்டு இருக்கிறது.

சில வருஷத்துக்கு முன் ஒரு மகளிர் குழு நான் வேலை பார்த்த கிளைக்கு வந்தது. வங்கியின் பெயர் எதற்கு, எல்லா வங்கியும் ஒன்றுதான். ஏரிப் புறம்போக்கின் மேட்டில் கொஞ்சம் நிலத்தை வருஷக்கணக்காக வைத்திருக்கிறார்கள். சவுக்கு போட கடன் வேண்டும். என்ன ஆதாரம் என்று கேட்டார் மேலாளர். அந்த அக்கா மஞ்சப்பையைக் கொட்டினார். எல்லாம் பி மெமோ ரசீது. பி மெமோ என்றால் தெரியுமல்லவா, அரசு நிலத்தை ஆக்கிரமித்ததற்கு 1905ஆம் வருஷச் சட்டப்படி போடுகிற தண்டம். மேலாளர் சிரித்தார். "அம்மா, இது நீங்க ஆக்கிரமிப்புன்னு நீங்களே கொண்டாந்து காட்டற மாதிரி இருக்கு" என்றார். அந்த அக்கா சிரிக்கவில்லை. "தண்டம் வாங்கத் தெரியுதுல்ல சார்? அப்ப நாங்க அங்க இருக்கறது கவர்மெண்டுக்குத் தெரியுந்தான?" என்று கேட்டார். மேலாளர் விதிப்புத்தகத்தை எடுத்தார். விதி அவர் பக்கம் இருந்தது. அதே வாரம் எட்டு ஏக்கருக்குச் சவுக்குக் கடன் பட்டுவாடா ஆனது, வேறொருவருக்கு. வவுச்சர் எழுதியது நான்தான்.

காட்டுக்குள் நடப்பது இதைவிடக் கொடுமை. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் நுழைந்தது எதற்காக? சந்தன மரம். கடத்தல்காரர்கள் என்று சொல்லி அந்தப் பழங்குடி ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அதில் 126 பேர் வனத்துறை. 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. சரி. இந்த நடுவில் அதே சந்தன மரத்துக்கு என்ன நடந்தது? பட்டா நிலத்துச் சந்தன மரங்களுக்கு 2008இல் தனி விதிகள் வந்தன. பட்டாதாரர் வளர்க்கலாம். வனத்துறையே வந்து வெட்டி, கிடங்குக்குக் கொண்டுபோய், விற்று, உரியவருக்குப் பணம் தரும். செம்மரமும் அப்படித்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துக் கூலிக்காரர்கள் உள்படத் தமிழ்நாட்டுக்காரர்கள் இருபது பேர் செத்தார்கள், செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று. அதே செம்மரக் கன்றை இன்று பட்டாதாரர் நாற்றங்காலில் வாங்கி வரப்பில் நட்டுக்கொள்ளலாம். மரம் ஒன்று, நிலத்தின் காகிதம் வேறு.

வனச் சட்டத்தால் வந்த அநீதியைத் திருத்துகிறோம் என்று 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பழங்குடிகள் போராடிப் பெற்ற சட்டம், அதை நாம் கொண்டாட வேண்டும். அவங்க வேற, நாம வேற என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதில் நமக்கு ஒரு முள் இருக்கிறது. பழங்குடி அல்லாதவர், 'பிற மரபுவழி வனவாசிகள்' என்கிறார்கள், அவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். காட்டோரச் சேரியில் 75 வருஷத்துக்கு முந்தைய காகிதம் எங்கே இருக்கும்? ரேஷன் கார்டே நேற்று வந்தது. முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வராதீர்கள். அந்தச் சட்டத்தின் விதிகளிலேயே ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிச் சான்றாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. மனுதாரரைத் தவிர்த்த பெரியவர்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்க ஆயா வாய்க்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு என்று எழுதியிருக்கிற ஒரே இடம் எனக்குத் தெரிந்து அதுதான். ஆயாக்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதற்குத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்கார வைத்தேன்.

நிலம் கேட்டால் நிலம் இல்லை என்கிறான். அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோது, அரசிடம் சும்மா கிடக்கும் நிலத்தைத் தனி ஆணையத்தின் பொறுப்பில் வைத்துத் தாழ்த்தப்பட்டோரைக் குடியேற்றச் சொன்னார். அதை யாரும் செய்யவில்லை. அந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை, பஞ்சமி நிலத்தையும் விடப்போவதில்லை. அதுவரைக்கும்? வருவாய்த்துறைக் கிராமக் கணக்கில் 2சி என்று ஒன்று இருக்கிறது. வி.ஏ.ஓ. வைத்திருக்கிற நோட்டுகளில் ஒன்று. அது மரப்பட்டா. நிலம் அரசுடையதாகவே இருக்கும். புறம்போக்கில் இருக்கிற புளி, பனை, மா மாதிரி மரத்தின் பலனை அனுபவிக்கிற உரிமை ஒருவர் பேரில் பதிவாகும், வருஷத்துக்குச் சின்ன வரி. அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, ஆனால் காயும் பழமும் அவருடையது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு. நிலம் இல்லாதவனும் மரத்துக்கு உரியவன் ஆகலாம் என்று இந்த அரசாங்கத்தின் சொந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறது. நம்ம ஊரில் அந்த 2சி யார் பேரில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் முன்னாள் மணியக்காரர் வீட்டு ஆள் பேரில் இருக்கும், இல்லையென்றால் காலியாக இருக்கும்.

நூறு நாள் வேலையில் சாலை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் குழி வெட்டிக் கன்று நட்டு, தலையில் குடம் சுமந்து தண்ணி ஊற்றியது நம்ம பெண்கள். அந்தப் புளியும் நாவலும் காய்க்கத் தொடங்கும்போது யாரோ ஏலம் எடுப்பான். பசுமை இயக்கத்தில் புறம்போக்கில் நடுகிற ஒவ்வொரு பலன் மரமும் காலனி மகளிர் குழுக்கள் பேரில் 2சி பட்டாவாகப் பதிவாக வேண்டும். பட்டா நிலத்து மரத்துக்குக் கொடுக்கிற கன்றும் பராமரிப்புப் பணமும் இந்த மரங்களுக்கும் வர வேண்டும். இருபது வருஷம் பலன் தரப்போகிற மரத்தை ஈடாக ஏற்றுக்கொண்டு வங்கி கடன் கொடுக்க வேண்டும். பயிரையே நம்பிக் கடன் கொடுக்கிற வங்கிக்கு இது முடியாத காரியம் இல்லை. எங்கள் சங்கத்தில் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

வருகிற ஜமாபந்திக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். மனுவில் கிராமம், புல எண், என்ன மரம், எத்தனை, யார் நட்டது, எந்த வருஷம் என்று எழுதுங்கள். தண்ணி ஊற்றிய பெண்கள் பேரை ஒன்று விடாமல் எழுதுங்கள். பி மெமோ ரசீது இருந்தால் நகலெடுத்து இணைத்துவிடுங்கள், அது நாம் அங்கே இருந்ததற்கு அரசாங்கமே கொடுத்த சாட்சி. எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். தாசில்தார் ஆபீசில் மனுவைக் கொடுத்துவிட்டு, அப்புறம் வாங்க என்றால் நகராதீர்கள். ரசீது வாங்கிக்கொண்டு வாங்க.